கருங்கரடியைப் படமெடுக்கும் தூரம்

வட அமெரிக்கக் காடுகளில் கேமராவோடு திரியும் அமெச்சூர் படக்காரர்களுக்கு ஓரளவு எளிதாகக் காணக் கிடைக்கிற பெரிய விலங்கு கருங்கரடி. மலைச்சிங்கத்தை ஆண்டுக்கணக்கில் தேடியும் பார்க்காதவர்கள் உண்டு. கருங்கரடி அப்படியில்லை. அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் வடக்கு மலைகள் வரை பரவியிருக்கிறது. உலகின் மற்ற ஏழு கரடி இனங்களையும் சேர்த்து எண்ணினால் வருகிற தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்த ஓர் இனமே இருக்கிறது. டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் இடையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் மட்டும் சுமார் 1,900 கரடிகள். அங்கே கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கைச் சுற்றி 11 மைல் நீளத்துக்கு ஒருவழிச் சாலை ஒன்று ஓடுகிறது. அதில் நான்கைந்து கார்கள் வழியடைத்து நின்றால் முன்னால் கரடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'பேர் ஜாம்' (bear jam, கரடி நெரிசல்) என்றே அதற்குப் பெயர்.

சிக்கல் இந்த எளிமையில்தான் தொடங்குகிறது. பார்க்க முடிகிறது என்றால் நெருங்கவும் முடியும் என்று தோன்றிவிடுகிறது. கரடிப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் லென்ஸ், வெளிச்சம், அதிர்ஷ்டம் என்று அடுக்குவார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. படத்தில் அந்தக் கரடி என்ன செய்துகொண்டிருக்கிறது? தின்கிறதா, மரம் ஏறுகிறதா, குட்டிக்குப் பால் கொடுக்கிறதா, இல்லை படமெடுப்பவரையே முறைத்துக்கொண்டிருக்கிறதா? பாராட்டு அதிகம் குவிவது கடைசி வகைக்குத்தான். கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் கரடி! ஆனால் அந்த நொடியில் கரடி தன் வேலையை விட்டுவிட்டது. விட வைத்தவர் பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்.

ஸ்மோக்கி பூங்காவின் விதி இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கரடியை வேண்டுமென்றே 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 46 மீட்டருக்குள், நெருங்குவது அங்கே சட்டவிரோதம். விதியின் இரண்டாம் பாதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தூரம் எவ்வளவாக இருந்தாலும், நம்மால் கரடிக்குத் தொந்தரவு ஏற்பட்டாலோ அது இடம் மாறினாலோ அதுவும் விதிமீறல்தான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடிக்கான தூரம் 100 கெஜம், சுமார் 91 மீட்டர். அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் 300 கெஜம்.

இவ்வளவு தள்ளி நின்றால் படம் எப்படிக் கிடைக்கும் என்று புதியவர்கள் சலித்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சலிப்புக்கு இடமில்லை. பெரிய கேமராக்களில் படத்தைப் பதியும் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். 600 மி.மீ. லென்ஸை மாட்டி 46 மீட்டரில் நின்றால் சட்டகத்துக்குள் வருகிற அகலம் ஏறக்குறைய 2.8 மீட்டர். ஒன்றரை மீட்டர் நீளக் கரடி பக்கவாட்டில் நின்றால் பாதிப் படத்துக்கு மேல் அதுவே நிறைந்துவிடும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸே இந்த வேலையைச் செய்யும். 91 மீட்டருக்குப் போனால் கரடி கால் பங்குக்குச் சற்று மேல் வரும், மீதி இடத்தில் காடு வரும். அதை நான் குறையாக நினைக்கவில்லை. முகத்தை மட்டும் நிறைத்து எடுத்த கரடிப் படங்கள் ஏராளமாகக் குவிந்து கிடக்கின்றன. எந்தக் காடு, எந்தப் பருவம் என்று தெரிகிற படங்கள் அந்த அளவுக்கு இல்லை.

கைபேசியில் இந்தக் கணக்கு தலைகீழ். அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையானது. அதே 46 மீட்டரில் சட்டகத்தின் அகலம் 60 மீட்டரைத் தாண்டிவிடும். கரடி ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். திரையில் புள்ளியைப் பார்த்தவுடன் கால் தானாக முன்னே நகர்கிறது. செல்ஃபி இன்னும் மோசம். கரடிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அதுவும் முடிந்தவரை நெருக்கமாக. 2014 அக்டோபரில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள டெய்லர் கிரீக் ஓடையில் கோக்கனி சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறியபோது, அவற்றைத் தின்ன வந்த கரடிகளோடு செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடியது. அமெரிக்க வனத்துறை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு டென்வருக்கு அருகே வாட்டர்டன் பள்ளத்தாக்கில் குட்டிகளோடு இரண்டு தாய்க் கரடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. செல்ஃபி குச்சியோடு சிலர் பத்தடி வரை நெருங்கினார்கள். அந்த இடத்தை நிர்வகிக்கும் டென்வர் குடிநீர் நிறுவனம் பள்ளத்தாக்கையே கொஞ்ச காலம் மூடிவிட்டது. கரடிகள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவை இலையும் பழமும் தேடிக்கொண்டிருந்தன.

சரி, நெருங்கினால் உண்மையில் எவ்வளவு ஆபத்து? பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் பலர் நினைக்கிற இடத்திலும் ஆபத்து இல்லை. கனடாவைச் சேர்ந்த கரடி ஆய்வாளர் ஸ்டீபன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, 1900 முதல் 2009 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் காட்டுக் கருங்கரடிகளால் நேர்ந்த மரணங்களைத் தொகுத்தது. 110 ஆண்டுகளில் 63 பேர். அந்தத் தாக்குதல்களில் 88 விழுக்காடு இரை தேடும் நடத்தையோடு வந்த கரடிகள் செய்தவை, அவற்றில் 92 விழுக்காடு ஆண் கரடிகள். குட்டியோடு இருக்கும் தாய்தான் கொல்லும் என்ற பரவலான நம்பிக்கை கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியின் குணத்தைக் கருங்கரடியின் தலையில் கட்டியதால் வந்தது. கருங்கரடித் தாய் பெரும்பாலும் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு, கீழே நின்று மிரட்டும், அல்லது தானும் ஏறிக்கொள்ளும்.

அதற்காகத் தாயை நெருங்கலாம் என்று அர்த்தமில்லை. மரத்தில் ஏறிய குட்டிகள் ஆட்கள் போகும்வரை இறங்காது. தாயும் மேய்ச்சலை விட்டுவிட்டு அடியிலேயே காத்திருக்கும். மரத்தைச் சுற்றி இருபது பேர் நின்றுகொண்டு 'எவ்வளவு அழகு' என்று சொல்லிக்கொண்டிருப்பது அந்தக் குடும்பத்துக்கு ஒரு முற்றுகை.

கரடியின் உடல் பேசுவதைப் படிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். முதல் அறிகுறி மிகச் சாதாரணமானது. தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்குகிறது, காதுகள் நம் பக்கம் திரும்புகின்றன. அங்கேயே பின்வாங்கிவிட வேண்டும். அடுத்து கொட்டாவி, மேலுதட்டை நீட்டுதல், 'ஹஃப்' என்று மூச்சை வேகமாக வெளியே தள்ளுதல், பற்களை அடித்துச் சத்தமெழுப்புதல், முன்னங்காலால் தரையில் அறைதல். இவையெல்லாம் பதற்றத்தில் வருபவை. கோபமாக உறுமுவது போலத் தெரிகிற பல படங்களில் கரடி வெறுமனே பதறிக் கொட்டாவி விட்டிருக்கும். சில சமயம் பாய்ந்து வருவது போல ஓடிவந்து பாதியில் நின்றுவிடும், அதுவும் மிரட்டல்தான். பின்னங்கால்களில் எழுந்து நிற்பது தாக்குவதற்காக அல்ல, நன்றாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும்தான்.

பயப்பட வேண்டியது இந்தச் சத்தங்கள் எதுவும் இல்லாத கரடியைக் கண்டு. மிரட்டாமல், கவனம் சிதறாமல், அமைதியாகப் பின்தொடர்ந்து வரும் கரடி. 2014 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஆப்ஷாவா காட்டுப் பகுதியில் ஐந்து இளைஞர்கள் ஒரு கரடியைப் பார்த்தார்கள். ஒருவர் கைபேசியில் படமெடுத்தார். கரடி அவர்களைத் தொடர்ந்தது, அவர்கள் ஓடிச் சிதறினார்கள், படமெடுத்தவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் படங்களைக் காவல்துறை பின்னர் வெளியிட்டது. இப்படிப்பட்ட கரடியின் முன்னால் ஓடக்கூடாது, பிரியக்கூடாது. சேர்ந்து நின்று கத்த வேண்டும், கையில் கிடைப்பதை எறிய வேண்டும், தாக்கினால் திருப்பித் தாக்க வேண்டும். செத்தது போலப் படுப்பது கருங்கரடியிடம் பலிக்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், மரமும் ஏறும் விலங்கு அது. கரடி ஸ்பிரே (கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்ச் சாறு) வைத்திருப்பது நல்லது. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வந்த ஆய்வில், கருங்கரடிகளின் மேல் அடித்த பத்தில் ஒன்பது தடவை அது வேலை செய்திருக்கிறது. ஆனால் கேமராப் பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். அப்புறம், எல்லாப் பூங்காவிலும் அதற்கு அனுமதி கிடையாது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் தடை உண்டு.

கரடியோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆசையைக் கைபேசித் தலைமுறையின் கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. யெல்லோஸ்டோனில் 1919 முதல் 1929 வரை கண்காணிப்பாளராக இருந்த ஹொரேஸ் ஆல்பிரைட், கரடிகளை மேசையில் உட்கார வைத்து விருந்து கொடுப்பது போல எடுத்த படம் இன்றும் இருக்கிறது. பூங்காவை நடத்துகிறவரே அப்படியென்றால் பயணிகளைக் கேட்கவா வேண்டும்? குப்பைக் கிடங்கில் கரடிகள் தின்பதைப் பார்க்க அங்கே இருக்கைகள் போட்டு வைத்திருந்தார்கள். சாலையோரம் கார்களை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கையில் உணவை நீட்டிக்கொண்டே படமெடுத்தார்கள். விளைவு ஏட்டில் இருக்கிறது. 1931 முதல் 1969 வரை அந்தப் பூங்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். 1970-ல் புதிய கரடி மேலாண்மைத் திட்டம் வந்தது. உணவு கொடுப்பதைத் தடுத்தார்கள், கிடங்குகளை மூடினார்கள், குப்பைத் தொட்டிகளைக் கரடி திறக்க முடியாதபடி மாற்றினார்கள். காயங்கள் மளமளவென்று குறைந்தன. கரடியின் குணம் மாறவில்லை, மனிதக் கை நீட்டிய உணவு நின்றது.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனிதரைப் பார்த்துப் பார்த்துப் பழகி, ஓடாமல் தன் பாட்டுக்கு மேயும் கரடி ஒரு வகை. மனிதர் என்றால் உணவு என்று கற்றுக்கொண்ட கரடி இன்னொரு வகை. முதல் வகையோடு கவனமாக இருந்தால் பூங்காக்கள் சமாளித்துவிடுகின்றன. இரண்டாம் வகை கூடாரத்தைக் கிழிக்கும், கார்க் கதவைத் திறக்கும், கடைசியில் பெரும்பாலும் சுட்டுக் கொல்லப்படும். படக்காரர்களில் சிலர் நல்ல 'போஸ்' கிடைக்க வேண்டும் என்று மரக்கட்டையில் கொஞ்சம் தேனோ மீன் எண்ணெயோ தடவிவிட்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். விஷயம்தான். தடவியவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். கரடி அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும், அடுத்து வருகிற மனிதரிடமும் அதையே எதிர்பார்க்கும். பூங்கா எல்லைக்கு வெளியே பல மாநிலங்களில் கரடி வேட்டை சட்டபூர்வமானது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மனிதரைக் கண்டு விலகத் தெரியாத கரடிக்கு வேட்டைக்காரரும் படக்காரரும் ஒன்றுதான்.

இன்னொரு குறுக்குவழி, கூண்டில் வளர்த்த விலங்குகளைக் கட்டணத்துக்குப் படமெடுக்க விடும் பண்ணைகள். மொன்டானா போன்ற மாநிலங்களில் இவை நீண்ட காலமாக நடக்கின்றன. பயிற்சியாளர் சைகை காட்டினால் கரடி வாயைப் பிளக்கும், பனியில் ஓடிக் காட்டும். எடுத்த படத்தில் 'பண்ணையில் எடுத்தது' என்று போட்டுவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது. பலர் போடுவதில்லை. அந்தப் படங்களைப் பார்த்து வளர்கிறவர்கள் காட்டுக்கு வரும்போது, அங்கே புல் மேய்ந்துகொண்டிருக்கும் நிஜக் கரடி அவர்களுக்குச் சப்பென்று இருக்கிறது.

எனக்கு அந்தப் புல் மேயும் கரடிதான் சுவாரசியம். கருங்கரடியின் உணவில் பெரும்பகுதி தாவரம். அது எப்போது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அன்றைய உணவுதான், ஆகவே படக்காரர் படிக்க வேண்டிய நாட்காட்டியும் அதுவே. குளிர்கால உறக்கம் முடிந்து வெளியே வந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் இளம்புல்லும் தளிரும். அதனால் திறந்தவெளிகளில் பகலிலேயே பார்க்கலாம். கனடிய ராக்கி மலைகளில் சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் டேன்டிலயன் செடிகளுக்கு நடுவே கரடி உட்கார்ந்திருக்கும் படங்கள் வருவது இந்தச் சமயத்தில்தான். ஸ்மோக்கி மலைகளில் இதே காலத்தில் ஓக் மரத்தின் வேரில் ஒட்டி வளரும் ஓர் ஒட்டுண்ணிச் செடியைத் தேடித் தேடித் தின்னும். கோடையில் அழுகிய மரக்கட்டைகளைப் புரட்டி எறும்புப் புழுக்களை நக்கி எடுக்கும். ஒரு கட்டையைப் பிளக்கத் தொடங்கிவிட்டால் அதன் கவனம் முழுக்க அதிலேயே இருக்கும். தள்ளி நிற்கும் நீண்ட லென்ஸுக்கு இதைவிட நல்ல தருணம் இல்லை. ஜூன் இணைசேரும் மாதம் என்பதால் ஆண் கரடிகள் பகலிலும் அலையும். ஒன்றரை வயதான பிள்ளைகளைத் தாய் விரட்டிவிடுவதும் இப்போதுதான். சாலையோரம் திக்குத் தெரியாமல் நிற்கும் சின்னக் கரடி பல சமயம் அப்படி விரட்டப்பட்ட ஒன்றாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் புளூபெரி, ஹக்கிள்பெரி, பிளாக்பெரி. உதடுகளை விரல் போல வைத்துப் பழங்களை மட்டும் உருவும். கோடை முடிவில் காட்டுச் செர்ரி பழுக்கும்போது மரத்தில் ஏறிக் கிளைகளை ஒடித்துத் தன் பக்கம் இழுக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளும் பீச் கொட்டைகளும். நாளில் இருபது மணி நேரம் வரை தின்று 20,000 கலோரி வரை சேர்க்கிற வெறித்தனமான பருவம் இது. கிழக்குக் காடுகளில் முன்பு செஸ்ட்நட் மரங்கள் ஆண்டுதோறும் நம்பகமாகக் காய்த்தன. 1904-ல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் அவற்றை அழித்துவிட்டது. இப்போது கரடிகள் நம்பியிருப்பது ஓக்கை, அது எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. ஓக் பொய்த்த ஆண்டில் கரடிகள் வெகுதூரம் அலையும், சாலைகளிலும் ஊர்களிலும் அதிகம் தென்படும். படக்காரர்களுக்கு 'நல்ல சீசன்' போலத் தெரிகிற ஆண்டு கரடிகளுக்குப் பஞ்ச ஆண்டாக இருக்கலாம். அந்தச் சமயத்தில் ஒரு மரத்தடியிலிருந்து விரட்டப்படுவது அதற்குப் பெரிய இழப்பு.

கேமராவில் கருங்கரடியின் தனித் தொல்லை அதன் நிறம். வெயில் விழும் புல்வெளியில் சிறியதாக நின்றால் லைட் மீட்டர் புல்லைப் பார்த்து அளந்துவிடும், கரடி விவரமே இல்லாத கரித்துண்டாகிவிடும். சட்டகத்தை நிறைத்து நின்றால் மீட்டர் கருப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளியைப் பாதி அளவுக்கு, குறைக்க வேண்டும். மேகமூட்டமான நாள் இதற்கெல்லாம் பாதி மருந்து. ரோமத்தின் அடுக்குகள் தெரியும், பழுப்பு மூக்குப்பகுதி வெளுக்காது, சின்னக் கண்ணில் வானத்தின் ஒளிப்பொட்டு விழும். உச்சி வெயிலில் அந்தக் கண் புருவ நிழலில் தொலைந்துவிடும். காட்டுக்குள் அந்தியில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) அளவை 3200, 6400 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். அதனால் வரும் நாய்ஸை, அதாவது புள்ளிப் புள்ளியான கரகரப்பை, பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷ் வேண்டாம். முடி உதிரும் கோடை நடுவில் கரடி சொறி பிடித்தது போல இருக்கும். பளபளப்பான புது ரோமம் வேண்டுமென்றால் செப்டம்பர் வரை பொறுக்க வேண்டும்.

கருங்கரடி எல்லா இடத்திலும் கருப்பாகவே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கில் ஏறக்குறைய எல்லாமே கருப்பு. மேற்கே போகப் போகப் பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வைக்கோல் நிறம் எல்லாம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மத்தியக் கடற்கரையில் ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் வெள்ளையாகப் பிறக்கும் கெர்மோட் கரடியும் கருங்கரடிதான். பழுப்புக் கருங்கரடியை கிரிஸ்லி என்று தலைப்பிட்ட படங்களை அடிக்கடி பார்க்கலாம். நிறத்தைப் பார்க்காமல் தோளைப் பார்க்க வேண்டும். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் உண்டு, நகங்கள் நீளம். கருங்கரடிக்குத் திமில் இல்லை, நகம் குட்டையாக வளைந்திருக்கும், காது பெரிது. கரடி இனம் மாறினால் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் மாறுவதால் இது வெறும் தலைப்புப் பிழையோடு போவதில்லை.

ஒரு விஷயத்தில் எந்தச் சமாதானமும் கிடையாது. குகையையும் மரப்பொந்தையும் தேடிப் போய் எடுக்கும் படம். உறங்கும் கருங்கரடியின் உடல் வெப்பம் சில டிகிரிகளே இறங்குகிறது. அலாஸ்காவில் அளந்து பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில் அது 30 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தது, உடலின் எரிபொருள் செலவு மட்டும் வழக்கத்தில் கால் பங்காகக் குறைந்திருந்தது. ஆகவே அது எளிதில் விழிக்கும். ஜனவரி வாக்கில் பிறக்கும் குட்டிகள் அரைக் கிலோகூட இருக்காது. மிரண்ட தாய் பொந்தை விட்டுப் போனால் குட்டிகள் குளிரில் பிழைக்காது. ஆய்வாளர்கள் உள்ளே எடுத்த படங்கள் அனுமதியோடும் தேவையோடும் எடுத்தவை. அதைப் பார்த்து நாமும் போகலாம் என்று கிளம்புவது கொடுமை.

நெருக்கமாகவே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அதற்கென்று அமைத்த இடங்கள் உண்டு. தென்கிழக்கு அலாஸ்காவில் ராங்கெல் ஊருக்கு அருகே ஆனான் ஓடையில் பிங்க் சால்மன் ஏறும் பருவத்தில் கருங்கரடியும் பழுப்புக் கரடியும் ஒரே இடத்தில் மீன் பிடிக்கும். படகிலோ நீர்விமானத்திலோதான் போக முடியும். ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 25 வரை அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு. பார்வையாளர்களுக்கு மேடையும், படமெடுக்க ஓடையோரம் ஒரு மறைவிடமும் கட்டியிருக்கிறார்கள். ஆட்கள் எப்போதும் அதே இடத்தில் இருப்பதால் கரடிகள் அந்த இடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கின்றன. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் இதற்கு நெருங்கி வருவது சொந்தக் கார்தான். உள்ளேயே இருந்து, சாலையை அடைக்காமல் ஓரம் கட்டி, ஜன்னல் விளிம்பில் லென்ஸைச் சாய்த்து எடுத்தால் கரடி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கதவைத் திறந்து இறங்கியதும்தான் கரடியின் தலை நிமிர்கிறது.

படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுவது நல்லது. பூங்காவின் பெயர் போதும். எந்த வளைவில், எந்தச் செர்ரி மரத்தில் என்று எழுதினால் மறுநாள் காலையில் அங்கே இன்னொரு பேர் ஜாம் இருக்கும்.